கணக்கில் ஏறாத தொகை: டீஃபோவைப் பற்றிச் சில குறிப்புகள்

டானியல் டீஃபோவைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. அவர் ஆங்கில நாவலின் தந்தை என்பது ஒன்று. அவர் ஒரு பத்திரிகைக்காரர், கூலிக்கு எழுதியவர், அறுபதை நெருங்கும் வயதில் தற்செயலாக ஒரு நல்ல கதை அவர் கையில் சிக்கிக்கொண்டது என்பது மற்றது. முதலாவது பி.ஏ. பாடப்புத்தகத்தின் தீர்ப்பு. இரண்டாவது, இலக்கியத்தைக் கொஞ்சம் தீவிரமாக எடுத்துக்கொள்கிற நம்மைப் போன்றவர்களின் தீர்ப்பு. இரண்டிலும் ஒரே சௌகரியம்தான்: அவரைப் படிக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றன. தந்தைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகரலாம். கூலிக்கு எழுதியவனை ஒதுக்கிவிட்டு நகரலாம்.

ஆனால் டீஃபோ எழுதியது ராபின்ஸன் க்ரூஸோ மட்டும் அல்ல. 1697இல் வங்கிகள், காப்பீடு, சாலைகள், பெண்களுக்கான கல்விக்கூடம் என்று யோசனைகளை அடுக்கும் ஒரு புத்தகம். 1701இல், அசல் ஆங்கிலேயன் என்று எவனும் கிடையாது, எல்லாம் கலப்பு என்று சொல்லிப் பரபரப்பாக விற்ற ஒரு செய்யுள். 1704 முதல் 1713 வரை ஏறக்குறைய தனி ஆளாக எழுதி நடத்திய 'ரெவ்யூ' பத்திரிகை. 1703ஆம் வருஷத்துப் பெரும்புயலைக் கண்டவர்கள் எழுதி அனுப்பும்படி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, வந்த கடிதங்களைத் தொகுத்து ஒரு நூல். ஒரு பேய்க்கதை, நடந்த சம்பவம் என்று. வணிகனுக்குக் கைப்புத்தகம். பிரிட்டன் முழுவதும் சுற்றிவந்த பயண நூல். இவற்றுக்கு நடுவே, 1719இலிருந்து 1724 வரையிலான ஐந்தாறு வருஷங்களில், நாம் நாவல் என்று பெயர் வைத்திருக்கும் புத்தகங்கள்.

மொத்தம் எத்தனை எழுதினார் என்பதே இன்றுவரை தகராறு. 1960இல் ஜான் ராபர்ட் மூர் தயாரித்த பட்டியலில் ஏறக்குறைய 550 நூல்களும் பிரசுரங்களும் இருந்தன. 1988க்குப் பிறகு ஃபர்பாங்க், ஓவன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்து, அதில் ஏறக்குறைய பாதிக்குச் சரியான ஆதாரம் இல்லை என்று தள்ளினார்கள். இது புலவர்கள் அடித்துக்கொள்ளும் விஷயம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. பெயர் போடாமல் வந்த ஒரு பிரசுரத்தை 'இது டீஃபோ' என்றோ 'இல்லை' என்றோ நடையை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஏன்? அவருக்கென்று ஒரு குரல் இல்லை. யாருடைய குரலில் வேண்டுமானாலும் பேச அவரால் முடிந்தது. தனிக்குரலைத்தான் எழுத்தாளனின் அடையாளம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த அளவுகோலை வைத்தால் டீஃபோ எழுத்தாளரே இல்லை. அப்படியானால் அவரிடம் இருந்தது என்ன?

1702 டிசம்பரில் ஒரு சிறு பிரசுரம் வெளிவந்தது. இங்கிலாந்துத் திருச்சபையோடு சேராமல் விலகி நின்ற ப்ராட்டஸ்டன்டுகளை ஒழிப்பதற்கு மிகக் குறுகிய வழி எது என்பது அதன் பொருள். எழுதியவர் பெயர் இல்லை. திருச்சபையின் தீவிரப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் ஆத்திரத்தோடு பேசுவதுபோல அது பேசியது. இவர்களுக்கு இதுவரை காட்டிய சலுகை போதும், போதகர்களைத் தூக்கில் போடுங்கள், கூட்டத்துக்குப் போகிறவர்களை நாடு கடத்துங்கள் என்றது. எழுதிய டீஃபோவே அப்படி விலகி நின்ற குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காரணத்தால் ஆக்ஸ்ஃபர்டும் கேம்ப்ரிட்ஜும் அவருக்கு மூடிக்கிடந்தன. நியூயிங்டன் க்ரீனில் சார்ல்ஸ் மார்ட்டன் நடத்திய பள்ளியில்தான் படித்தார். எதிரியின் வாதத்தை எதிரியின் வாயாலேயே கடைசிவரை சொல்ல வைத்தால் அதன் கோரம் தானே வெளிப்பட்டுவிடும் என்பது அவர் கணக்கு.

கணக்கு தப்பியது. தீவிரப் பிரிவினரில் சிலர் அதைத் தங்கள் குரலாகவே எடுத்துக்கொண்டு மெச்சினார்கள். விலகி நின்றவர்கள் நடுங்கினார்கள். உண்மை வெளியானதும் இரண்டு தரப்பும் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தன. பிரசுரம் எரிக்கப்பட்டது. அவரைப் பிடித்துக்கொடுத்தால் 50 பவுன் என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த அறிவிப்பில் வளைந்த மூக்கு, கூர்மோவாய், வாயருகே பெரிய மச்சம் என்று அங்க அடையாளங்கள். 1703 ஜூலை 29, 30, 31 ஆகிய மூன்று நாட்கள், கழுத்தையும் கைகளையும் பலகையில் மாட்டும் தொழுமரத்தில், லண்டனின் மூன்று இடங்களில் அவரை நிறுத்தினார்கள். ஜனங்கள் பூ எறிந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதையை விட்டுவிடலாம், தண்டனை நிஜம்.

இந்தப் பிரசுரத்தை அங்கதமாகத் தோற்றுப்போன முயற்சி என்று சொல்வார்கள். ஸ்விஃப்ட் 1729இல் எழுதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது வாஸ்தவம்தான். ஏழைகளின் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று யோசனை சொல்லும் ஸ்விஃப்டின் மனிதனுக்குப் பின்னால் ஸ்விஃப்ட் நிற்பது நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. அவர் நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டுவதில்லை. ஆனால் அவர் பார்வையின் வெப்பம் நம் மேல் படுகிறது. டீஃபோவிடம் அது இல்லை. முகமூடிக்குப் பின்னால் முகம் இருப்பதற்கான தடயத்தையே அவர் விட்டுவைப்பதில்லை. அங்கதத்துக்கு இது பெரிய குறை. ஆனால் நாவலுக்கு? இன்னொரு மனிதனின் தர்க்கத்துக்குள் புகுந்து, அவனைத் திருத்தாமல், கேலி செய்யாமல், அவன் நியாயங்களை அவன் வார்த்தைகளிலேயே முழுசாகச் சொல்லவிடுவதுதான் நாவலாசிரியனின் முதல் வேலை. டீஃபோவின் நாவல் 1719இல் பிறக்கவில்லை. அது 1702இல் பிறந்தது; அப்போது அதை யாரும் நாவல் என்று அடையாளம் கண்டுகொள்ளவில்லை, தண்டித்தார்கள். இதே டீஃபோவைத்தான் பின்னால் ஸ்விஃப்ட், தொழுமரத்தில் நின்ற அந்த ஆள், பெயர் மறந்துவிட்டது, என்று அலட்சியமாகக் குறிப்பிட்டார்.

இந்தச் சக்திக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதை மறைத்துவிட்டு டீஃபோவைப் பாராட்டுகிறவர்கள் யோக்கியமான காரியம் செய்யவில்லை. சிறையிலிருந்து அவரை வெளியே எடுத்தவர் ராபர்ட் ஹார்லி என்ற அரசியல்வாதி. அதற்குப் பிறகு டீஃபோ அவருடைய ஒற்றர். 1706இல் ஸ்காட்லாந்தை இங்கிலாந்தோடு இணைக்கும் பேச்சு நடந்தபோது எடின்பரோவில் இருந்துகொண்டு, அங்கே உள்ளவர்களோடு அவர்களில் ஒருவராகப் பழகி, ஹார்லிக்கு ரகசியக் கடிதங்கள் எழுதினார். 1714க்குப் பிறகு ஆட்சி மாறியது. புதிய ஆட்சிக்காக எதிர்க்கட்சிப் பத்திரிகை ஒன்றுக்குள் ஆசிரியர் போல நுழைந்து, அதன் காரத்தை உள்ளிருந்தே குறைத்துக்கொண்டிருந்தார். இதைச் சொல்லும் அவருடைய கடிதங்கள் 1864இல்தான் கிடைத்தன. எந்தக் குரலிலும் பேச முடிகிறவனை எவரும் வாடகைக்கு எடுக்கலாம். நாவலை உண்டாக்கிய திறமையும் ஒற்றனை உண்டாக்கிய திறமையும் ஒன்றேதான். கலைஞனை ஒரு பக்கமும் கூலிக்காரனை மறுபக்கமும் பிரித்துவைத்துப் பேச இந்த மனிதரிடம் வழியில்லை.

கூலிக்கு எழுத வேண்டியிருந்ததற்குக் காரணம் கடன். மெழுகுவர்த்தி வியாபாரியின் மகன், காலுறை மொத்த வியாபாரம் செய்தவர், 1692இல் 17,000 பவுன் கடனோடு திவாலானார். அந்நாளைய 17,000 பவுன் ஒரு மனிதன் ஆயுளில் அடைத்து முடிக்கும் தொகை அல்ல. டில்பரியில் வைத்த செங்கல் சூளை கொஞ்சம் நிமிர்த்தியது. அவர் சிறையில் இருந்தபோது அதுவும் போயிற்று. 1731இல், எழுபது வயதில், பழைய கடன் விவகாரம் ஒன்றுக்கு அஞ்சிக் குடும்பத்தை விட்டு விலகி, வாடகை அறையில் செத்துப்போனார். அவர் எழுத்தை இதன் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். டீஃபோவின் நாவல்களில் கதை சொல்கிறவர்கள் எல்லாருமே கடன்பட்டவர்கள். க்ரூஸோ, மால் ஃப்ளாண்டர்ஸ், கர்னல் ஜாக், ரொக்ஸானா என்று ஒவ்வொருவரும் யாரோ ஒருவர் முன்னால் நின்று கணக்கு ஒப்பிக்கிறார்கள். அந்த யாரோ கடவுளாக இருக்கலாம், நீதிபதியாக இருக்கலாம், வாசகனாக இருக்கலாம். விவரங்களின் அந்த ஓயாத பெருக்கம் யதார்த்தவாதம் என்ற கொள்கையிலிருந்து வந்தது அல்ல. பொய் சொல்கிறான் என்று சந்தேகிக்கப்படுகிற மனிதன்தான் இத்தனை விவரம் தருவான்.

வணிகனுக்கு எழுதிய கைப்புத்தகத்தில் பேரேட்டை ஒழுங்காக வைத்திருக்காதவன் உருப்படமாட்டான் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். நடையைப் பற்றியும் அதே புத்தகத்தில்தான் பேசுகிறார்: பலதரப்பட்ட 500 பேர் முன்னால் ஒருவன் பேசினால் அத்தனை பேருக்கும் ஒரேமாதிரி விளங்க வேண்டும், அதுவே நல்ல பாஷை. ஆக, கணக்கும் நடையும் அவருக்கு ஒரே ஒழுக்கத்தின் இரண்டு பக்கங்கள். க்ரூஸோ தீவில் தன் நிலைமையைப் பற்று வரவாகவே எழுதி வைக்கிறான். ஒரு பக்கம் தீமை, மறுபக்கம் நன்மை. உடைந்த கப்பலில் பணத்தைக் கண்டதும், இங்கே உன்னால் என்ன பிரயோஜனம், ஒரு கத்தி உன்னைவிடப் பெறும் என்று நீளமாகப் பிரசங்கம் செய்கிறான். பிறகு யோசித்து எடுத்துக்கொண்டு வருகிறான். ஏறக்குறைய 36 பவுன் என்று தொகையும் சொல்லிவிடுகிறான்.

இந்தக் கணக்கு நடையால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஒரே ஓர் இடத்தைக் காட்டுகிறேன். கப்பலில் இருந்த எல்லாரும் மூழ்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களைத் தான் பார்க்கவில்லை, அவர்களுடைய அடையாளமாகத் தான் கண்டதெல்லாம் மூன்று தொப்பிகள், ஒரு குல்லாய், இரண்டு செருப்புகள் என்கிறான் க்ரூஸோ. அந்தச் செருப்புகள் ஜோடி அல்ல என்று சேர்க்கிறான். துக்கம் என்ற வார்த்தை அங்கே இல்லை. ஒரு சரக்குப் பட்டியல்தான் இருக்கிறது. ஜோடி சேராத இரண்டு செருப்புகள் என்றால் இரண்டு தனித்தனி மனிதர்கள். ஒவ்வொருவனின் மற்றச் செருப்பும் கடலில், காலோடு. கணக்கெடுக்கும் கை நடுங்கவில்லை. நடுக்கம் நம்மிடம் வந்து சேர்கிறது.

இதே கை நடுங்காததால் வரும் கொடுமையும் உண்டு. க்ரூஸோ மூர்களிடம் அடிமையாக இருந்து தப்பிக்கும்போது உடன் வருகிறவன் க்ஸூரி என்ற பையன். விசுவாசமானவன். தங்களைக் காப்பாற்றிய போர்ச்சுகீசியக் கப்பல்தலைவனிடம் க்ரூஸோ அவனை 60 வெள்ளிக்காசுக்கு விற்றுவிடுகிறான். கிறிஸ்துவனானால் பத்து வருஷத்தில் விடுதலை என்ற நிபந்தனை அவன் மனச்சாட்சிக்குப் போதுமானதாக இருக்கிறது. பிறகு ப்ரேஸிலில் தோட்டவேலைக்கு ஆள் போதாதபோதுதான், பையனை விற்றது தப்பு என்று தோன்றுகிறது. டீஃபோவுக்கு இது தெரிந்துதான் எழுதினாரா? தெரிந்தே எழுதினார் என்று சொல்லி அவரைக் காப்பாற்றிவிட எனக்குச் சம்மதம் இல்லை. 1702இல் அடிமை வியாபாரத்தைச் செய்யுளில் கண்டித்த அதே டீஃபோ, பின்னால் ஆப்பிரிக்க வியாபாரக் கம்பெனிக்கு ஆதரவாக வாதாடினார். இரண்டு குரலும் அவருடையவை. எந்தக் குரலிலும் பேச முடிகிறவர் கொடுக்க வேண்டியிருந்த விலை இது.

மால் ஃப்ளாண்டர்ஸில் (1722) விஷயம் கொஞ்சம் மாறுகிறது. நடனப்பள்ளியிலிருந்து தனியாக வீடு திரும்பும் குழந்தையை மால் சந்துக்குள் அழைத்துப்போய்க் கழுத்திலிருந்த தங்கமணி மாலையைக் கழற்றுகிறாள். கத்தாமல் இருக்கக் கொன்றுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றுகிறது; அந்த நினைப்பே அவளை நடுங்க வைக்கிறது. மாலை 12, 14 பவுன் பெறும். எந்தத் தெரு வழியாக எங்கே போய்ச் சேர்ந்தாள் என்று ஒவ்வொரு திருப்பமும் சொல்கிறாள். பிறகு வருகிறது நியாயம்: இவ்வளவு சின்னக் குழந்தையைத் தனியாக விட்ட பெற்றோருக்கு நல்ல பாடம் கற்பித்தேன். இது ஆசிரியரின் வேண்டுமென்றே செய்த முரண்நகையா, தெரியாமல் விழுந்ததா என்று விமர்சகர்கள் வெகுகாலமாகச் சண்டையிடுகிறார்கள். பெரும்பாலும் தெரியாமல்தான் என்ற பக்கம் சாய்கிறார் இயான் வாட், நாவலின் தோற்றம் பற்றிய 1957ஆம் வருஷத்து நூலில். கேள்வியே தவறாகப் போடப்பட்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். 1702இல் செய்ததையே டீஃபோ இங்கும் செய்கிறார்: குரலை முழுதாக விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். தணிக்கை வேலை வாசகனுடையது. மால் எழுதிய கணக்கில் ஒரு வித்தியாசம் மட்டும் கண்ணில் படுகிறது. க்ஸூரியின் தொகை எந்தக் குறிப்பும் இல்லாமல் ஏறிவிட்டது. மாலைக்கோ பக்கத்திலேயே நீளமாக விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

அதே வருஷத்தில் வந்த 'கொள்ளைநோய் ஆண்டின் குறிப்பேடு' எனக்கு அவர் எழுத்தில் மிகச் சிறந்ததாகத் தோன்றுகிறது. 1720இல் மார்ஸேய் நகரில் கொள்ளைநோய் பரவி இங்கிலாந்தே பீதியில் இருந்தது. சந்தைக்கு ஏற்ற சரக்கு, சந்தேகமில்லை. 1665இல் டீஃபோவுக்கு ஐந்து வயதுதான். ஆனால் எச்.எஃப். என்று மட்டும் கையெழுத்திடும் ஆல்ட்கேட் பகுதி சேணக்காரன் ஒருவன், இருந்து பார்த்ததாக எழுதுகிறான். இங்கே கணக்கு ஒரு நகரத்தின் கணக்கு. வாராவாரம் வெளியான சாவுப் பட்டியல். நோயால் செத்தவர்கள் 68,000க்கு மேல் என்று சொல்லும் அந்தப் பட்டியலை எச்.எஃப். நம்புவதில்லை. எழுதியவர்களும் செத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு லட்சம் இருக்கும் என்கிறான். ஆல்ட்கேட் குழியின் நீள அகல ஆழத்தையும், இரண்டு வாரத்தில் அதில் விழுந்த 1,114 உடல்களையும் சொல்லும் அதே மனிதன்தான் எண்ணிக்கையின் மேல் நம்பிக்கை இழந்தவனாகவும் இருக்கிறான். க்ரூஸோவுக்கு இல்லாத சந்தேகம் இது.

இந்தப் புத்தகத்தில் ஓர் இடம். தபால் நிலைய முற்றத்தில் ஒரு சிறு தோல் பணப்பை கிடக்கிறது. ஒரு மணி நேரமாக யாரும் தொடவில்லை. உரியவன் வந்தால் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வாளியில் தண்ணீர் கொண்டுவருகிறான். பையின்மேல் வெடிமருந்து தூவிக் கொளுத்துகிறான். பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் தூக்கி, பை எரிந்து ஓட்டையாகும்வரை பிடித்திருந்து, காசை வாளிக்குள் உதறி உள்ளே எடுத்துப் போகிறான். ஏறக்குறைய 13 ஷில்லிங், கொஞ்சம் சில்லறை. மரணபயம், பேராசை, நேர்மை என்ற பாவனை, மூன்றும் ஒரே செயலில். விளக்கம் ஒரு வார்த்தை கிடையாது. உடனே அடுத்து ராபர்ட் என்ற படகோட்டி வருகிறான். மனைவி மக்கள் நோய்வீட்டுக்குள். இவன் வெளியே, ஆற்றில் நிற்கும் கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோய்ச் சம்பாதித்து, வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கல்லின் மேல் காசை வைத்துவிட்டு விலகி நின்று குரல் கொடுக்கிறான். முற்றத்தில் யாரும் தொடாத பணம். கல்லின் மேல் தொடாமலே கைமாறும் பணம். இரண்டையும் பார்த்த எச்.எஃப். தன் பையிலிருந்து நாலு ஷில்லிங் எடுத்துக் கொடுக்கிறான். டீஃபோவின் மனிதர்களில் எவரும் இவ்வளவு எளிதாகப் பற்று எழுதியதில்லை.

பிறகு ரொக்ஸானா, 1724. கைவிடப்பட்ட மனைவி, ஆசைநாயகியாக வாழ்ந்து பெரும் செல்வம் சேர்க்கிறாள். நிஜமாகவே லண்டனில் வாழ்ந்த ஸர் ராபர்ட் க்ளேடன் என்ற பணக்காரரைக் கதைக்குள் கொண்டுவந்து, வட்டிக்கு வட்டி சேர்ப்பது எப்படி என்று அவளுக்குச் சொல்லித்தர வைக்கிறார் டீஃபோ. எல்லாம் பெருகுகிறது. அப்போது அவள் கைவிட்ட மகள் ஸூஸன், அம்மாவைத் தேடி வருகிறாள். பணம் கேட்டு அல்ல. அம்மா என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி. பெண்ணைத் தீர்த்துவிடலாம் என்கிறாள் வேலைக்காரி ஏமி. ரொக்ஸானா பதறித் தடுக்கிறாள். ஆனாலும் ஒருநாள் ஸூஸன் காணாமற்போகிறாள். என்ன நடந்தது என்பதை ரொக்ஸானா பார்க்கவில்லை. டீஃபோவின் ஆட்கள் எல்லாவற்றையும் பார்த்தவர்கள், எல்லாவற்றுக்கும் தொகை சொன்னவர்கள். இங்கே சொல்லத் தொகை இல்லை. நாவல் சில அவசர வரிகளில், முடிக்கப்படாதது போல, நின்றுவிடுகிறது.

வங்கியில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஸஸ்பென்ஸ் கணக்கு என்ற ஒன்று தெரியும். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். அது தீரும்வரை அன்றாட ஐந்தொகை சரியாக வந்தாலும் கணக்கு முடிந்ததாகாது. ஸூஸன் அப்படிப்பட்ட தொகை. க்ஸூரிக்கு விலை இருந்தது, தங்கமாலைக்கு நியாயம் இருந்தது, இவளுக்கு இரண்டும் இல்லை. ரொக்ஸானாவின் முடிவை அவசரத்தில் நேர்ந்த பலவீனம் என்று சொல்வது வழக்கம். பக்கத்துக்கு இவ்வளவு என்று எழுதியவர், அச்சகத்தார் அவசரப்படுத்தியிருப்பார்கள். இருக்கலாம். ஆனால் பேச்சு நின்ற இடம், எந்தக் குரலையும் எடுத்துப் பேசத் தெரிந்த ஒரு மனிதருக்குக் குரல் கிடைக்காமல் போன இடம். அதற்குப் பிறகு ஆறேழு வருஷம் உயிரோடு இருந்தார். பயண நூலை முடித்தார், வணிகனின் கைப்புத்தகம், பேய் பிசாசுகளைப் பற்றி, தெருத் திருட்டைப் பற்றி என்று எழுதிக்கொண்டேதான் இருந்தார். ரொக்ஸானாவுக்கு ஈடாக இன்னொரு நாவல் எழுதவில்லை.

சுத்தமான நோக்கத்திலிருந்துதான் உருவம் பிறக்கும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். டீஃபோவிடம் உருவம் பிறந்தது கடனிலிருந்து, ஒற்று வேலையிலிருந்து, சந்தைக்குச் சரக்கு எழுதியதிலிருந்து. ஆகவே எல்லாச் சந்தைச் சரக்கிலிருந்தும் நாவல் பிறந்துவிடும் என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். சந்தைக்கு எழுதியவர்கள் அவர் காலத்து லண்டனில் ஏராளம். அவர்கள் பெயர்கள் நமக்குத் தெரியாது. எடுத்துக்கொண்ட முறையை அது உடைகிற இடம்வரை கொண்டுபோனவர் அவர். அந்த இடத்தில் ஒரு நல்ல வாக்கியத்தைப் போட்டு மூடிவிடாமல் நிறுத்தியிருக்கிறார். நோக்கத்தின் சுத்தத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், நம்முடைய எழுத்தில் கணக்கில் ஏறாத தொகை எது என்று ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.